விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன்...



உங்கள் அடையாளக் கார்டை எடுத்து முதல் ஆறு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம், அதற்கடுத்த இரண்டும் நாள். "அந்தத் தேதி தப்பு தம்பி. தைப்பூசத்துக்கு மறுநா பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். எழுதினவரு வாய்க்கு வந்ததைப் போட்டுட்டாரு" என்று சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அம்மா சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் சட்டம் அம்மாவைக் கேட்பதில்லை, கார்டைத்தான் கேட்கும். அந்தக் கார்டின்படி உங்களுக்கு 60 வயது நிறைவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் மாதாமாதம் வர வேண்டிய பணத்தைக் கோட்டை விட்டவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தென் செபராங் பிறையில் ஒரு தோட்டம். பெயர் இங்கே வேண்டாம். அங்கே மருந்தடிக்கும் வேலை செய்த ஓர் அக்காவுக்குச் சர்க்கரை நோய். முதலில் கால் விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 57. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுவாரமே ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மலாயில். "உடம்பு முடியலைல்ல, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுல இருங்கம்மா" என்றார்களாம். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள் என்று அக்காவும் போட்டுவிட்டார். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று!

ஒரு காலை இழந்தவர் சொந்த விருப்பத்திலா விலகினார்?

சேமநிதியில் இருந்த 31,000 வெள்ளியும் கைக்கு வந்தது. மகன் வீட்டுக் கூரைக்குக் கொஞ்சம், மகள் கல்யாணத்துக்குக் கொஞ்சம். இரண்டு வருடத்தில் பேங்கு புத்தகம் காலி. சொக்சோவைப் பற்றி ஆபீசும் சொல்லவில்லை, அண்டை அயலாரும் சொல்லவில்லை. சங்கத்துக்கு அந்த அக்கா வந்தபோது கார்டின்படி வயது 60-ம் ஐந்து மாதமும்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சம்பளச் சீட்டில் பிடிக்கிற எல்லாவற்றையும் "இ.பி.எப்., சொக்சோ" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒன்றல்ல. சேமநிதி 1951-ல் வந்தது. அது உங்கள் சொந்தக் காசு, உண்டியல் மாதிரி. போட்டது வட்டியோடு திரும்பி வரும், எடுத்தால் தீர்ந்துபோகும். சொக்சோ 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971-ல் தொடங்கியது. அது காப்புறுதி. நம் தாத்தா காலத்தில் உழைக்க முடியாமல் போனவர்களில் பலர் தகரப்பெட்டியோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். அங்கே அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்று கேட்க ஆளில்லை. அந்த நிலை மாறத்தான் இந்தக் காப்புறுதி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் உங்கள் பங்காகச் சேமநிதிக்கு 187 வெள்ளி போகிறது, முதலாளி 221 வெள்ளி போடுகிறார். சொக்சோவுக்கு உங்களிடம் பிடிப்பது எட்டு வெள்ளிச் சொச்சம்தான். அந்த எட்டு வெள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்கள் குறைவு.

வேலையிடத்தில் அடிபட்டால் சொக்சோ உண்டு என்பது தோட்டத்தில் பெரும்பாலும் தெரிந்த சேதி. செம்பனை முள் கண்ணில் குத்தினாலும், லாரியிலிருந்து விழுந்தாலும், வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் சறுக்கினாலும் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 60 வயதுக்குப் பிறகும் வேலையில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு தொடரும், அதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுவார்.

தெரியாதது இன்னொன்று. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத நோயாக இருந்தாலும், சர்க்கரை, சிறுநீரகம், இருதயம், பக்கவாதம் எதுவானாலும், அது நிரந்தரமாகி, வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலைக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டது என்று மருத்துவ வாரியம் சொன்னால், மாதப் பென்சன் உண்டு. அலுவலகத்தில் "பென்சன் இலாட்" என்று கேளுங்கள். கடைசி 24 மாதச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும். அதற்கு மேல் கட்டியிருக்கும் ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு கூடும், 65 விழுக்காட்டைத் தாண்டாது. இருபது வருடம் விடாமல் கட்டியவருக்குச் சராசரி 1,600 வெள்ளி என்றால், ஏறக்குறைய 1,040 வெள்ளி மாதாமாதம் வரும். அவர் காலமானால் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, படிக்கிற வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு. வேலையில் இருக்கும்போதே 60-க்கு முன் ஒருவர் இறந்துபோனாலும், என்ன காரணத்தால் இறந்திருந்தாலும், சந்தாக் கணக்கு சரியாக இருந்தால் குடும்பத்துக்குப் பென்சன் உண்டு. கருமாதி முடிந்ததும் சேமநிதியை மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும் விதவைத் தாய்மார்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

சந்தாக் கணக்கு என்பது இதுதான். மனுப் போய்ச் சேரும் மாதத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருக்க வேண்டும். அது குறைந்தாலும், திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு மாதங்கள் கட்டியிருந்தால் முழுப் பென்சன் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குதான் என்றால் குறைந்த பென்சன். எப்படியும் 24 மாதத்துக்குக் குறையக்கூடாது. குத்தகையாளரிடம் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்கள் கவனிக்க: நாள் கூலி இரண்டு வெள்ளி கூடுதலாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறோமே, இந்தச் சந்தா அங்கே கட்டப்படுகிறதா?

மனு 60 வயதுக்கு முன் போய்ச் சேர வேண்டும். தாண்டிவிட்டால்? கதவு முழுக்க மூடிவிடவில்லை, ஒரு கையகல இடுக்கு இருக்கிறது. 60-க்கு முன்பே அந்த நோய் இருந்தது என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அதற்குப் பிறகு சம்பளத்துக்கு எந்த வேலைக்கும் போயிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இன்னொரு பெரியவர் தவறிப்போனார். இருதயக் கோளாறோடு 58 வயதிலிருந்து தட்டுத்தடுமாறி வேலை செய்து, 60-ல் ஓய்வு பெற்று, கைச்செலவுக்கு ஆகட்டுமே என்று சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு குடியிருப்பில் ஏழு மாதம் ஜாகா வேலை பார்த்தார். பிறகுதான் மனுச் செய்தார். கிடைக்கவில்லை. அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அப்படி. 58 வயதிலேயே அவர் காதில் இதைப் போடாதது யார் குற்றம்? சங்கத்துக்காரனாகிய என் குற்றமும் அதில் இருக்கிறது. மாதா மாதம் அவரிடம் சந்தா வாங்கியவன்தானே நான்!

சேமநிதிக்கு வருவோம். 55 வயதில் முழுவதையும் எடுக்கலாம் என்பதால் 55-தான் ஓய்வு வயது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2013 ஜூலை 1 முதல் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. குடிமகனாகிய உங்களை "55 ஆச்சு, போய் வாங்க" என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது. அதே மாதிரி, எடுக்கலாம் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. அங்கேயே விட்டு வைத்தால் 100 வயது வரைக்கும் லாப ஈவு சேரும். மாதத்துக்கு இவ்வளவு என்றும் வாங்கிக்கொள்ளலாம். கணக்கில் 60,000 வெள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கையில் வந்தால் மலை மாதிரி தெரியும். இருபது வருடத்துக்கு, அதாவது 240 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250 வெள்ளி! லயத்து வீடும் வேலையோடு போய்விடும் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மகனுக்குக் கார் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்ற மனசு கேட்காது. ஆனால் காரில் நம்மை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனுக்கு நேரம் இருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரிசு நியமனத்தையும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டு, அம்மா காலமாகி வருடக்கணக்கான பிறகும் மாற்றாமல் இருப்பவர்கள் தோட்டத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். செபராங் ஜெயா சேமநிதி அலுவலகத்தில் பெருவிரலை வைத்தால் முடிகிற வேலை.

சம்பள நாளில் மருத்துவக் கார்டு விற்க வருகிறவர்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். தனியார் காப்புறுதியில் வயது ஏற ஏறச் சந்தா ஏறும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் வராது. 2024 கடைசியில் சந்தா ஏறிய வேகத்தைப் பார்த்து பேங்க் நெகாராவே தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பச் சொன்னது. 55 வயதில் சேமநிதிக் காசைக் கொடுத்து அதைத் தொடங்கி, 62-ல் கட்ட முடியாமல் விட்டால் அத்தனையும் ஆற்றில் போட்ட காசு. நமக்கு அரசாங்க கிளினிக் இருக்கிறது, சுங்கை பாக்காப்பிலும் செபராங் ஜெயாவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது, அக்கரையில் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், உண்மைதான். எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்கள் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. செயற்கை மூட்டு, இருதயக் குழாய் போன்ற சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. போய்ப் பரிசோதியுங்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட தேதி காகிதத்தில் ஏறுவதே பின்னால் சொக்சோவுக்கு அத்தாட்சியாகும்.

சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சேமநிதியிலும் சொக்சோவிலும் உங்களுக்கு உரிமை உண்டு, மனுச் செய்யுங்கள். எஸ்.டி.ஆரும், ஆதரவற்ற முதியோருக்குச் சமூகநல இலாகா தருகிற மாத உதவியும் (2025 முதல் 600 வெள்ளி) குடிமக்களுக்கு மட்டுமே. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே பால் வெட்டியவர்களுக்கு இது அநியாயம்தான். அதைத் தனியாக இன்னொரு வாரம் எழுத வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. நோயாளித் தொழிலாளியிடம் விலகல் கடிதத்தை நீட்டுவதற்கு முன் சொக்சோ மனுப் பாரத்தை நீட்டுங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இது எழுத்தில் வர வேண்டும். அதுவரை, தோழர்களே, எந்த மொழியில் எழுதிய கடிதமானாலும், படித்துக் காட்ட ஆள் வரும் வரைக்கும் பேனாவைத் தொடாதீர்கள்.

அந்த அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் மகனை வீட்டுக்கு அனுப்பி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவரச் சொன்னார். கால் எடுத்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி தேதி போட்டுக் கொடுத்த ஒவ்வொரு கார்டும் அதில் இருந்தது, ரப்பர் வளையம் போட்டு. வேறு வேலைக்கு அவர் போகவுமில்லை, போக முடியவுமில்லை. மருத்துவ வாரியத்துக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனோம். சில மாதம் கழித்துப் பணம் வந்தது.

"இதை எப்பத் தம்பி நிப்பாட்டுவாங்க?" என்று கேட்டார்.

"நீங்க இருக்கிற வரைக்கும் வரும்க்கா" என்றேன். நம்பாமல், மகனை விட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு மறுபடி கேட்டுக்கொண்டார்.