மேசையில இருக்கிற வேலைக்கு மேகம் எதுக்கு?

ஊர் நூலகமோ சனசமூக நிலையமோ "உந்தப் பதிவேட்டைக் கொம்பியூட்டரில ஏத்தித் தாங்கோ பிள்ளையள்" என்று கேட்டால், எங்கட தலைமுறை கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வெப்சைட். முகப்பில் நகர்கிற படம், உள்ளே நுழைய லொகின், ஓரத்தில் நிதி தந்த சங்கத்தின் இலச்சினை, வருடாவருடம் டொலரில் கட்டவேண்டிய ஹோஸ்ரிங் பில். திறப்பு விழாவுக்குப் படம் நல்லா வரும். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், நூலகத்து அக்கா பழையபடி கொப்பியில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருப்பார். கேட்டால், "அது இப்ப வேலை செய்யிறேல்ல தம்பி" என்பார். அவருக்குக் கணினி தெரியாது என்பதுதான் ஊரின் தீர்ப்பு. பிழை அவரில் இல்லை, கருவியைத் தெரிவு செய்தவர்களில்தான் என்பது எங்கள் வாதம்.

அங்கே நடக்கிற வேலை என்னவென்று பாருங்கள். என்னென்ன புத்தகம் இருக்கிறது, யார் யார் அங்கத்தவர், எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது. மூன்று அட்டவணை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஆள். புத்தகம் நாலாயிரமோ ஐயாயிரமோ இருக்கலாம். பத்து வருடப் பழைய கணினிக்கும் அது ஒரு தொகையே இல்லை. இதற்குத் தேவை ஒரு தரவுத்தளமும், அதற்கு முன்னால் எழுதவும் தேடவும் இரண்டு மூன்று திரையும். கணினிக்குள்ளேயே ஓடுகிற சாதாரண மென்பொருள் போதும். இணையம் இந்தக் கதைக்குள் எங்கே வந்தது?

வந்த வழி எங்களுக்குத் தெரியும். கற்கைநெறிகளில் சொல்லித் தருவது பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும். சுயவிபரக் கோவையில் 'வெப் அப்ளிகேஷன்' என்று எழுதினால் எடுப்பு. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கத்துக்கு அங்கிருந்தே திறந்து பார்க்க ஒரு லிங்க் வேண்டும். இப்படி எல்லாருடைய தேவையும் பார்க்கப்படுகிறது, மேசையில் இருக்கிறவரின் தேவையைத் தவிர.

இதில் ஒரு பகிடியும் உண்டு. ஹோஸ்ரிங்குக்குக் காசில்லை என்றால் அதே வெப்சைட்டை ஸாம்ப் போட்டு அந்த ஒரு கணினிக்குள்ளேயே ஓட்டுவார்கள். அக்கா காலையில் வந்து முதலில் அப்பாச்சியைத் தொடக்கவேண்டும், பிறகு மைஎஸ்கியூஎல்லைத் தொடக்கவேண்டும், இரண்டும் பச்சையாக வருகிறதா என்று பார்க்கவேண்டும், பிறகு பிரவுசரைத் திறந்து முகவரி அடிக்கவேண்டும். ஒரு நாள் கரண்ட் போய் வந்தபின் மைஎஸ்கியூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று சிவப்பில் ஒரு செய்தி வரும். அத்தோடு கதை முடிந்தது. மைஎஸ்கியூஎல் கெட்ட மென்பொருள் இல்லை. ஆனால் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய, யாராவது பராமரிக்கவேண்டிய ஒரு சேர்வர். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாட்டில், பராமரிக்க ஆளில்லாத இடத்துக்கு சேர்வரைக் கொடுப்பது என்ன நியாயம்?

'கிளவுட்டில் இருந்தால் பாதுகாப்பு' என்பவர்களுக்கு 2023 ஓகஸ்டை ஞாபகப்படுத்துகிறோம். லங்கா அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. மேகம் என்பது வேறு யாரோ ஒருவரின் கணினி. அங்கேயும் யாராவது பிரதி எடுத்தால்தான் பிரதி. 1981 இல் எரிந்த நூலகத்தைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிற நாங்கள், எங்கட ஊர் நூலகத்தின் பட்டியலுக்கு ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

சரி, எதைத்தான் தெரிவு செய்வது?

தரவுத்தளத்துக்கு எங்களுடைய பதில் எஸ்கியூலைட். இதற்கு சேர்வர் இல்லை. முழுத் தரவும் ஒரே ஒரு கோப்பு. மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பைப் பென்ட்ரைவில் கொப்பி பண்ணினால் பிரதி தயார். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலும் அரைகுறையாக எழுதியதைத் தள்ளிவிட்டு, கடைசியாக முழுமையாக இருந்த நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000 ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது தொடங்கியது இது. சேர்வர் நின்றால் எல்லாமே நிற்கிற தொல்லை அங்கேயும் இருந்திருக்கிறது. (பிறந்த இடம் எங்களுக்கு உவப்பானது அல்லதான். ஆனால் இன்று அது எவருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து, அனுமதிப்பத்திரமே தேவையில்லை.) உங்கட அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் செய்திகள் கிடப்பதும் எஸ்கியூலைட் கோப்பில்தான். தரவைச் சேமித்துவைக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதையும் சேர்த்திருக்கிறது. 'சின்ன ஆட்களின் சாமான்' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஐந்து கிளை நூலகங்கள் ஒரே பட்டியலில் ஒரே நேரத்தில் எழுதவேண்டும் என்றால் எஸ்கியூலைட் கோப்பை நெற்வேர்க்கில் பகிர்ந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள், கோப்புக் கெட்டுப்போகும். அங்கே சேர்வர்தான் சரி. நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலக அமைப்புக்காகத் தொடங்கிய கோஹா மாதிரி இலவச நூலக மென்பொருளே இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை வைக்கத் தயாரில்லாத அமைப்பு சேர்வரைக் கேட்கக் கூடாது.

திரைகளுக்கு வருவோம். இங்கேதான் சண்டை கூட. சாதாரண தர ஐ.சி.ரி. படித்தவர்களுக்கு மைக்ரோசொஃப்ட் அக்செஸ் ஞாபகம் வரும். அட்டவணை, படிவம், வினவல், அறிக்கை எல்லாம் ஒரே இடத்தில். உண்மையைச் சொன்னால், நிரல் எழுதத் தெரியாத ஒருவர் ஒரு பின்னேரத்தில் படிவம் செய்ய அதைப்போல இலகுவான ஒன்று இன்னும் வரவில்லை. அதை நக்கல் அடிக்கிற கணினிப் பெடியளோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சிக்கல் வேறு. அது விண்டோஸில் மட்டும் ஓடும், காசு கட்டவேண்டும். எங்கட இடங்களில் ஓடுகிறது திருட்டுக் கொப்பி. கணினியை அழித்து விண்டோஸ் மாற்றிப் போடும் நாளில் ஒஃபிஸ் வேறு பதிப்பாக வரும் அல்லது வராது. பொதுப் பதிவேட்டைக் கள்ளச் சாவியில் பூட்டிவைப்பது சரியில்லை.

லிபரேஒஃபிஸ் பேஸ் இலவசம், அக்செஸின் சாயல். ஆனால் அது தன் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கிற தரவுத்தளம் ஜாவாவை நம்பியது. நடுவில் கணினி நின்றால் தரவு போன கதைகள் நிறைய. தரவை வெளியே வைத்து இணைத்தால் பரவாயில்லை. ஒரு நூலகத்தை முழுக்க அதன் தலையில் கட்ட நாங்கள் தயாரில்லை.

இலெக்ட்ரோன் வேண்டவே வேண்டாம். மூன்று அட்டவணைக்கு முன்னால் ஒரு முழுக் குரோமியம் பிரவுசரைப் பொதிசெய்து, நூறு எம்.பி.க்கு மேல் இடம்பிடித்து, இரண்டு ஜி.பி. ராம் கணினியை மூச்சுத்திணற வைப்பதற்குப் பெயர் நவீனமா?

எங்கள் கை நிற்பது இரண்டில். ஒன்று லசாரஸ். ஃபிறீ பஸ்கால் மொழியில், பொத்தானை இழுத்து வைத்துத் திரை அமைக்கலாம். முடிவில் கிடைப்பது பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிற ஒரு இயங்கு கோப்பு. குறை என்னவென்றால், நாளைக்கு அதைத் திருத்தப் பஸ்கால் தெரிந்த பிள்ளையை ஊரில் தேடவேண்டும். மற்றது பைதன். அது தெரிந்த ஒரு பிள்ளையாவது இன்று ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை முன்னுக்கு வைக்கிறோம். எஸ்கியூலைட்டோடு பேசுகிற பகுதி பைதனுக்குள்ளேயே இருக்கிறது. நூலகக் கணினியில் விண்டோஸ் 7 என்றால் பைதன் 3.8 தான் கடைசி, அதற்கு மேல் ஏறாது. இதை வேலை தொடங்குமுன் பாருங்கள், முடிந்தபின் அல்ல. திரைக்கு டிகின்ரர் போதுமா, கியூட்டி வேண்டுமா என்றால், அதைத் தீர்மானிப்பது தமிழ்.

தமிழை யாரும் முதலில் யோசிப்பதில்லை. டிகின்ரர் விண்டோஸில் தமிழை ஒழுங்காகக் காட்டும். அதே நிரலை லினக்ஸில் ஓட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். கியூட்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. எனவே லினக்ஸ் என்றால் கியூட்டி; அதிலும் அனுமதிப்பத்திரம் தளர்வான பைசைட். ஆனால் கியூட்டி 6 க்கு விண்டோஸ் 10 வேண்டும், பழைய கணினிக்கு 5 தான்.

காட்டினால் மட்டும் போதுமா? தேடவேண்டும், வரிசைப்படுத்தவேண்டும். பழைய பட்டியல் பாமினியில் அடிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்குத்தான் அது தமிழ். அடியில் கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஏற்றக்கூடாது. மாற்றினாலும் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே துண்டாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடலில் இரண்டும் வேறு. 'கொழும்பு' என்று தேட, இருக்கிற புத்தகமே இல்லை என்று வரும். ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைதனில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாத மென்பொருள்கள்தான் 'தமிழில் தேட ஏலாது' என்ற பெயரை வாங்கித் தந்தன.

அகரவரிசை இன்னும் மோசம். சும்மா விட்டால் எஸ்கியூலைட் யூனிகோட் இலக்க ஒழுங்கில் அடுக்கும். அதில் புள்ளி, உயிர்க்குறிகளுக்கும் பின்னால். ஆகவே 'படகு', 'படிப்பு' எல்லாம் வந்தபிறகுதான் 'பட்டினம்' வரும். அகராதியில் இது தலைகீழ். றகரம் ரகரத்துக்கு அடுத்து, னகரம் நகரத்துக்கு அடுத்து, ஜகரமோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில். டொமினிக் ஜீவாவை 'ஜீவா' என்று பதிந்தால் அவர் ஞானசேகரனுக்கு முன்னால் நிற்பார். இதற்கு வழி, தலைப்புக்குப் பக்கத்தில் 'வரிசைத் திறவு' என்று இன்னொரு நிரல் வைத்து, எங்கட எழுத்தொழுங்குக்கு ஏற்ற குறிகளை அதில் நிரப்பிவிடுவது. சில பத்து வரி நிரல். பிறகு அந்தக் கோப்பை எந்தக் கருவியில் திறந்தாலும் ஒழுங்கு கூடவே வரும்.

பெயர் விடயம் அதைவிடப் பெரியது. இறக்குமதி செய்த வார்ப்புருக்களில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். க. கைலாசபதிக்கு எது லாஸ்ட் நேம்? கைலாசபதியை முதற்பெயர் ஆக்கி, 'க.'வைக் கடைசிப் பெயராக்கி, ககர எழுத்தாளர்கள் எல்லாரையும் தகப்பன் பெயரின் முதலெழுத்தில் அடுக்கிய பட்டியல்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். முதலெழுத்துக்கு ஒரு பெட்டி, பெயருக்கு ஒரு பெட்டி, புனைபெயருக்கு ஒரு பெட்டி: இதுதான் எங்கட ஆக்களுக்குப் பொருந்துவது. 'ஆர்ட்ஸ் பக்கல்ரிக்காரருக்கு உதில என்ன வேலை' என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் வேலை. ஒரு சமூகம் தன் பெயரை எப்படி வைக்கிறது, எழுத்தை எப்படி அடுக்குகிறது, இரவல் வாங்கிய புத்தகத்தை யார் பெயரில் எழுதுகிறது என்று தெரியாமல் அட்டவணை வரையமுடியாது. அதைத் தெரிந்தவர்கள் ஒதுங்கி நின்றால், தெரியாதவர்கள் வரைந்ததில்தான் நாங்கள் எல்லாரும் பெயரை நிரப்பவேண்டி வரும்.

அக்காவிடம் எவரும் கேட்பதில்லை என்பதில்தான் எங்களுக்குக் கோபம். பள்ளிக்கூடம் விட்டதும் பத்துப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்கும். அந்த நேரத்தில் அவர் மவுஸை எடுத்து மூன்று பக்கம் தாண்டி கலண்டரில் திகதி தேடிக்கொண்டிருக்க ஏலாது. அங்கத்தவர் இலக்கம், புத்தக இலக்கம், என்ரர். திகதியைக் கணினியே போடட்டும். திரையைத் தாளில் கீறி அவருக்குக் காட்டி, அவர் 'இது வேண்டாம்' என்றதை அழித்துவிட்டுத்தான் நிரலைத் தொடங்கவேண்டும். சொற்ப கொடுப்பனவுக்கு வேலை செய்கிற ஒருவரின் நேரத்தை இலவசம் என்று நினைக்கிற மனநிலைக்கு எந்தக் கருவியாலும் உதவமுடியாது.

முதலில் செய்யவேண்டிய பொத்தான் 'வெளியே எடு'. முழுத் தரவும் சி.எஸ்.வி.யாக, எக்செலில் திறக்கும்படி. (எக்செல் நேரே திறக்கும்போது தமிழ் குப்பையாக வராமலிருக்க, கோப்பின் தொடக்கத்தில் யூனிகோட் அடையாளக் குறி இருக்கவேண்டும், பைதனில் 'யூரிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் சரி.) அந்தப் பொத்தான் இல்லாத மென்பொருளை எந்த நூலகமும் வாங்கக்கூடாது, இலவசமாகத் தந்தாலும்.

ஏற்கனவே இப்படி ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்கள் இதை வாசித்தால்: மூல நிரலையும் தரவின் பிரதியையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு, அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, இந்த மாதமே அந்த நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். தபாலில் போட்டாலும் பரவாயில்லை, அலுமாரியில் வைக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது.