பொத்தானை அழுத்தும் முன்

விண்டோஸ் 10-இன் காலம் முடிந்துவிட்டது. 11-க்கு மாறுவது ஒரு மாலை நேர வேலைதான். ஆனால் மாறிய பிறகும் பழைய ஃபைல்கள் பத்திரமாக இருக்க வேண்டுமானால், ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

அகளிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மலையேறலாம். மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாகச் சுரம் ஏறலாம். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப் பகுதியில் இருக்கும் இந்த ஊரின் கடைத்தெருவில் தமிழ், மலையாளம், இருள மொழி என எல்லாம் புழங்கும். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் மரம் விழுந்து கரண்ட் போகும். மண் சரிந்தால் சாலையும் அடைபடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். வாங்கி எட்டு வருடம் ஆகிவிட்டது. மகளின் கல்லூரி ஃபைல்கள், அப்பா ஸ்கேன் செய்து வைத்த நில வரி ரசீதுகள், தாத்தா இருந்தபோது எடுத்த படங்கள், தமிழில் டைப் செய்த பழைய மனுக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு: விண்டோஸ் 11-க்கு மாறலாம், பொத்தானை அழுத்துங்கள். அழுத்தலாமா?

தாராளமாக. ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

தவணை முடிந்த கதை

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதனால் எந்த வீட்டிலும் கம்ப்யூட்டர் நின்றுபோகவில்லை. நின்றது, மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். பேங்க் கணக்கையும் ஆதார் விவரங்களையும் அதே கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் இதை அலட்சியப்படுத்த முடியாது.

உடனே மாற முடியாதவர்களுக்கு ஒரு வருட அவகாசத்தையும் நிறுவனம் அறிவித்தது. இதில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு 30 டாலர். என்றாலும் இது கடனைத் தள்ளிப்போடும் தவணைதான்.

கம்ப்யூட்டர் தேறுமா?

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது அது கேட்டது ஒரு 386 புராஸஸரும் 4 எம்.பி. மெமரியும்தான். 13 ஃப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி எடுத்தால் வேலை முடிந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. மெமரியும் ஹார்ட் டிஸ்க்கில் 64 ஜி.பி. இடமும் வேண்டும். இவை பழைய கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் இருக்கும். பலரும் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு விஷயங்களில்.

முதலாவது, புராஸஸர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. பெயரிலேயே விடை இருக்கிறது. ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஏழில் மிகச் சில மாடல்கள்தான் தேறும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல் என்பதால், அதற்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் சந்தேகம்தான்.

இரண்டாவது, டி.பி.எம். 2.0. இது ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. இது இல்லை என்று திரை சொன்னாலும் உடனே மனம் தளர வேண்டாம். பல மதர்போர்டுகளில் இது இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கம்ப்யூட்டர் என்றால் பயாஸ் செட்டிங்கில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்றும் இருப்பதை ஆன் செய்தால் போதும்.

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துச் சொல்ல மைக்ரோசாஃப்டே 'பிசி ஹெல்த் செக்' என்ற புரோகிராமை இலவசமாகத் தருகிறது. அதை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் இப்படி வீடு வீடாக போன் செய்வதில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் அசல்தானா? செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பகுதி இதைக் காட்டும். முறையான லைசென்ஸ் இருந்தால் 11-க்கு மாறக் கட்டணம் இல்லை.

டி டிரைவ் என்ற மாயை

தயாரிப்பில் முக்கியமானது பேக்கப். "எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான வீடுகளில் சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் தடுப்பு வைத்துப் பிரித்த இரண்டு அறைகள். வீடு எரிந்தால் இரண்டு அறையும்தான் எரியும்.

ஆகவே பிரதி கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். அகளி போன்ற ஊரில் இன்டர்நெட்டில் ஏற்றிவைப்பதை மட்டும் நம்ப முடியாது. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி., ஒன்டிரைவில் 5 ஜி.பி. மட்டுமே. இடம் வாங்கினாலும், நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 60 ஜி.பி. படங்களை ஏற்ற ஏறக்குறைய 67 மணி நேரம் ஆகும். அதற்குள் எத்தனை முறை கரண்ட் போகுமோ. வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குவதுதான் நடைமுறைக்கு உகந்தது.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை எல்லோரும் நினைவாக எடுத்துவிடுவார்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேங்கியவை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டாலி கணக்கு வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் ஆகியவைதான் விடுபடும்.

பிரதி எடுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். படம் முழுதாகத் தெரிகிறதா, ரசீதைப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் அது பேக்கப். பார்த்து முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.

தமிழ் மனு என்ன ஆகும்?

ஆங்கிலப் பத்திரிகைகள் சொல்லாத சிக்கல் ஒன்று தமிழர்களுக்கு உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி போன்ற ஃபாண்டுகளில் டைப் செய்த ஃபைல்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டியது அந்த ஃபாண்ட். ஃபாண்ட் போனால் போர்வையும் போகும். மனு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசை கட்டி நிற்கும். பழைய மலையாள ஃபாண்டுகளில் அடித்த ஃபைல்களுக்கும் இதே கதிதான். அகளி வீடுகளில் இரண்டும் இருக்க வாய்ப்பு உண்டு.

இருக்கும் விண்டோஸ் மேலேயே 11-ஐ ஏற்றினால் ஃபாண்டுகள் பொதுவாக அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவினால் இருக்காது. எப்படியானாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' பகுதியிலிருந்து பழைய தமிழ் ஃபாண்டுகளைத் தனியே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான மனுக்களை பி.டி.எஃப்.-ஆகவும் சேமித்துவிட்டால் ஃபாண்ட் இல்லாமலும் படிக்கலாம்.

லதா ஃபாண்டில் அடித்தவர்களுக்கு ஆபத்து குறைவு. அது யூனிகோடு என்பதால் எழுத்து சிதையாது. தோற்றம் மட்டும் மாறலாம். புதிதாக நிறுவிய விண்டோஸில் லதாவைக் காணவில்லையென்றால், 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழுக்கான கூடுதல் ஃபாண்டுகளைச் சேர்த்தால் வந்துவிடும். தமிழ் 99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது.

48 இலக்கச் சாவி

பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் எந்த சர்வீஸ்காரராலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. வழக்கமாக அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டி.பி.எம். செட்டிங்கைத் தொடும் முன்பே அந்தக் கணக்கைத் திறந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கணக்கின் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தால், அதை மாற்றுவதற்கான எண் பழைய மொபைலுக்குத்தான் போகும். அந்த சிம் இன்னும் வேலை செய்கிறதா? இதையும் முன்கூட்டியே பாருங்கள்.

கோவையில் டவுன்லோட், அகளியில் இன்ஸ்டால்

விண்டோஸ் 11 சில ஜி.பி. அளவுள்ளது. மொபைல் டேட்டாவில் ஓடும் வீட்டில் ஒரே இரவில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். தயாராகும் வரை வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்டு' என்பதை ஆன் செய்து வைத்தால், கேட்காமலே பெரிய டவுன்லோட் தொடங்குவதைத் தடுக்கலாம்.

கோவைக்கோ பாலக்காட்டுக்கோ போகிறவர் யாராவது இருந்தால், நல்ல இணைப்புள்ள இடத்தில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் அதைத் தயார் செய்து கொண்டுவரலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுத்துப்போக வேண்டும். முழு ஃபைலை அப்படியே பிரதி எடுக்க முயன்று, பாதியில் 'ஃபைல் மிகப் பெரியது' என்ற செய்தி வந்து திரும்புகிறவர்களும் உண்டு. பழைய ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜி.பி.-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது.

மொழியிலும் கவனம் வேண்டும். இருப்பது அமெரிக்க ஆங்கிலமா, 'இன்டர்நேஷனல்' ஆங்கிலமா என்று பார்த்து அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாறிப்போனால் புரோகிராம்களை விட்டுவைக்கும் வசதி கிடைக்காது.

நிறுவும் நாளில் வானத்தைப் பாருங்கள். மழை இல்லாத நாளாக, கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாக இருக்கட்டும். லேப்டாப் என்றால் முழுதாக சார்ஜ் செய்து, சார்ஜரையும் விடாமல் செருகி வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் பல மணி நேரம் தாங்கும் யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் தேவை. கடையில் கிடைக்கும் சின்ன யு.பி.எஸ். பத்து, இருபது நிமிடத்தில் கைவிட்டுவிடும். கம்ப்யூட்டர் தானாகப் பலமுறை அணைந்து ஆன் ஆகும்; பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம். 'ஃபைல்களும் புரோகிராம்களும் இருக்கட்டும்' என்ற தேர்வைச் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

பிடிக்கவில்லை, பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். அதுவரை 'இடம் போதவில்லை' என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

தேறாத கம்ப்யூட்டருக்கு?

தூக்கிப் போட வேண்டியதில்லை. கேரளாவிலேயே விடை இருக்கிறது. 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. லினக்ஸ் அடிப்படையிலான இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை அது தயாரித்துப் பள்ளிகளுக்குத் தருகிறது, வீடுகளிலும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அகளி வீட்டில் அப்பாவுக்குப் புதிதாகத் தோன்றும் லினக்ஸ், அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் பழகிய ஒன்றாக இருக்கலாம். கடிதம் எழுத, படம் பார்க்க, பாங்க் தளத்தைத் திறக்க அது போதும். டாலி போன்ற விண்டோஸ் புரோகிராம்கள்தான் நேரடியாக ஓடாது. முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, பிரின்டரும் வைஃபையும் வேலை செய்தால் மட்டும் நிறுவலாம். லினக்ஸுக்கு மாறினாலும் பேக்கப் விதியில் மாற்றம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அதே அறிவிப்பு மீண்டும் திரையில் வரும். அப்போது வெளி ஹார்ட் டிஸ்க் பீரோவில், சாவி எண் பத்திரத்தோடு, பென் டிரைவ் கையில், வெளியே நல்ல வெயில் என்றால் பொத்தானை அழுத்தலாம். ஏதாவது தவறினால் நஷ்டம் ஒரு மாலைப் பொழுது மட்டுமே. தாத்தாவின் படம் பீரோவில் பத்திரமாக இருக்கும்.