பெரியா கல்லூரியில் எல்லார் கையிலும் துடைப்பம்!



அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது. (பேரைப் பார்த்துப் பெரிசுன்னு நினைச்சுடாதீங்க. மொத்தமே சுமார் 1,500 மாணவர்கள்தான்!) 1892-லிருந்து அங்கே படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். இதைச் சொன்னதும் என் நண்பர்கள் "அடேயப்பா, ஃப்ரீயா!" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது வேறு. அங்கே படிக்கிற ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தே ஆகணும். "நான் ஃபர்ஸ்ட் ரேங்க், எனக்கு வேண்டாம்"னு ஒதுங்க முடியாது.

என்ன வேலை தெரியுமா? கட்டடம் கூட்டுவது, பண்ணையில் காய்கறி போடுவது, தறி நெய்வது, மரச்சாமான் செய்வது, கல்லூரியே நடத்துகிற ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனிப்பது, லைப்ரரியிலும் லேபிலும் உதவி செய்வது. துடைப்பம் கட்டுகிற பட்டறை நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அந்தத் துடைப்பங்களைக் காசு கொடுத்து வாங்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்! வேலைக்குச் சம்பளமும் உண்டு. எப்படிச் செய்தார்கள் என்று மதிப்பீடும் உண்டு. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவர முடியாது.

ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் கல்லூரி ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். பல காலமாக நன்கொடையாகச் சேர்ந்த பெரிய நிதியிலிருந்து வரும் வருமானம்தான் முக்கியம். அப்படியிருந்தும் வேலையை ஏன் விடவில்லை?

அதற்கு அந்தக் கல்லூரியின் பழைய கதையைப் பார்க்கணும். 1855-ல் அதைத் தொடங்கிய ஜான் ஃபீ அடிமை முறையை எதிர்த்தவர். அடிமை முறை என்றால் என்ன? உடம்பு வேலை எல்லாம் ஒரு கூட்டத்துக்கு, படிப்பும் அதிகாரமும் இன்னொரு கூட்டத்துக்கு. உள்நாட்டுப் போர் முடிந்ததும் பெரியாவில் கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லாரும் ஒன்றாகப் படித்தார்கள். 1904-ல் மாநில அரசு சட்டம் போட்டு அதைத் தடுத்தது. கல்லூரி நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது. 1908-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. 1950-ல்தான் சட்டம் மாறி, கறுப்பு மாணவர்கள் திரும்ப வந்தார்கள். அந்தக் கதவு மூடுவதற்கு முந்தைய வருஷம், 1903-ல், அங்கே பட்டம் வாங்கினார் கார்ட்டர் உட்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்! பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, 1926-ல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

"வேலை செஞ்சா படிப்பு கெட்டுடும்" என்று வீட்டில் சொல்வார்கள். 1937-ல் பெரியாவில் பட்டம் வாங்கிய ஜான் ஃபென் 2002-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கினார். அவரும் வாராவாரம் வேலை செய்தபடி படித்தவர்தான்.

இன்னொன்றும் பிடித்திருக்கிறது. அங்கே கெமிஸ்ட்ரி எடுத்தாலும் வரலாறு, இலக்கியம், கலை எல்லாம் கொஞ்சம் படிக்கணும். இங்கே பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்ததோடு பாதிப் பாடத்துக்குக் கும்பிடு போட்டாச்சு!

சரி, நம்ம கதைக்கு வருவோம். நம் ஊரில் 'பெருக்கு' என்றால் அது தண்டனை. லேட்டா வந்தவனுக்கு, மார்க் குறைஞ்சவனுக்கு. சில ஊர்ப் பள்ளிகளில் குறிப்பிட்ட பிள்ளைகளையே கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொன்னதாகப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அது கொடுமை. சிலரை மட்டும் செய்ய வைப்பதற்கும் எல்லாரும் முறை வைத்துச் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலில் சொன்னதைப் பெரியாவோடு யாரும் ஒப்பிட வேண்டாம்.

என் கருத்து இதுதான். கழிவறை வேலைக்கு மாணவர்களை அனுப்பவே கூடாது. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். ஆனால் வகுப்பறை, லேப், மரக்கன்று, லைப்ரரி அலமாரி இவற்றுக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை போடலாம். வகுப்புத் தலைவர் பெயரும் அதில் இருக்கணும். தண்டனைக்காகப் பெருக்கச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிடணும். ஆசிரியர்களும் ஒருநாள் சேர்ந்துகொண்டால் நாங்கள் கைதட்டத் தயார்!

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி