ரீமேக் தவறல்ல, ஆனால்...

சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மும்பையில்தான். ஒரு நாள் மாலை தொலைக்காட்சியில் 'சந்திரமுகி' போட்டார்கள். ரஜினி படமாயிற்றே என்று அவனையும் ஆசையோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் பார்த்திருப்பான். "தாத்தா, இது 'பூல் புலையா' காப்பி! நம்ம ஆளுங்க எப்பவும் ஹிந்தியைப் பார்த்துத்தான் எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. 'சந்திரமுகி' வந்தது 2005ல். 'பூல் புலையா' வந்தது 2007ல். வருடத்தைச் சொல்லியே அவன் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் மனம் வரவில்லை. ஏனென்றால் இதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

1980ல் 'பில்லா' வந்தபோது நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிது. "இப்படி ஒரு கதையை உங்கள் ஹிந்திக்காரர்களால் எடுக்க முடியுமா?" என்று மராட்டிய நண்பர் ஒருவரிடம் மார்தட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு பழைய படத்துக்கு அழைத்துப் போனார். அமிதாப் பச்சன் நடித்து 1978ல் வந்த 'டான்'. இடைவேளையில் அவர் வாங்கிக் கொடுத்த தேநீர் என் தொண்டையில் இறங்கவில்லை!

ஆகவே வீண் பெருமையும் வேண்டாம், வீண் தாழ்வும் வேண்டாம் என்பதே என் கருத்து. கதைகள் எப்போதும் இரண்டு திசையிலும் பயணம் செய்திருக்கின்றன. தெலுங்கு 'ராமுடு பீமுடு' (1964), எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) ஆகி, திலீப் குமாரின் 'ராம் அவுர் ஷ்யாம்' (1967) ஆயிற்று. மூன்றையும் இயக்கியவர் ஒருவரே, சாணக்யா. நம் 'காதலிக்க நேரமில்லை' (1964) ஹிந்திக்குப் போனது. அமிதாப்பின் 'தீவார்' (1975) தமிழுக்கு வந்து ரஜினியின் 'தீ' (1981) ஆனது. இதில் யார் கடன்காரர், யார் கடன் கொடுத்தவர்?

கதையைக் கொண்டுவருவது தவறல்ல. எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதுதான் கேள்வி. மீட்டர் கேஜ் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அப்படியே பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. அங்கே தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர், இங்கே 1676. அடிப்பாகத்தை மாற்றியாக வேண்டும். ரீமேக்கும் அப்படித்தான்.

பேரன் கேட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலம் தமிழும் அல்ல, ஹிந்தியும் அல்ல. மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கி, 1993ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் பயமுறுத்தும் நாகவல்லி யார் தெரியுமா? தஞ்சாவூரிலிருந்து கேரளத்து மாளிகைக்குக் கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. அவள் பேசுவது தமிழ்! தன் மனைவி திடீரென்று வேற்று மொழியில் பேசுவதைக் கேட்டுத்தான் அந்தக் கணவன் நடுங்குகிறான்.

இதைத் தமிழில் எடுக்கும்போது பேய் தமிழ் பேசினால் யார் பயப்படுவார்கள்? ஆகவே சந்திரமுகி தெலுங்கு பேசினாள். ஹிந்திக்குப் போனபோது மஞ்சுலிகா வங்காளம் பேசினாள். மொழி மாறியது, பயம் மாறவில்லை. மூலத்தில் எதை விடக்கூடாது, எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை இது. இதைக் காப்பி என்று சொல்வது அநியாயம்.

இனி இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வருகிறதே, அதற்கு வருவோம். 'மணிச்சித்ரதாழ்' கதையின் உயிர் எங்கே இருக்கிறது? பேய் என்று எல்லோரும் நடுங்கியது ஒரு பெண்ணின் மனநோய். மந்திரவாதி மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும் என்று சொன்னதில்தான். ஆனால் 2022ல் வந்த 'பூல் புலையா 2' படத்தில் நிஜப் பேயே வந்துவிடுகிறது! பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்த கருத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். வசூல் வந்தது உண்மை. வசூல் வந்ததால் நியாயமாகிவிடுமா?

'இந்தியன்' (1996) என்னை உலுக்கிய படம். லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்த மகனைத் தந்தையே தண்டிக்கிறார். பெட்டிகளுக்கு 'ஓடத் தகுதியானது' என்று ஆயுள் முழுவதும் கையெழுத்துப் போட்டவன் நான். படம் பார்த்த மறுநாள் கையெழுத்துப் போடுமுன் ஒரு முறைக்கு இரு முறை குனிந்து பார்த்தேன். பெற்ற மகனையே கொடுத்த பிறகு அந்தத் தந்தை சொல்ல என்ன பாக்கி இருக்கிறது? 28 வருடம் கழித்து 2024ல் வந்த 'இந்தியன் 2' இதற்குப் பதில் சொல்லவில்லை. முடிவில் மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் காட்டியது. இதற்கு மாறாக, 'த்ருஷ்யம்' (2013) முடியும்போது புதைத்த ரகசியம் புதைந்தே கிடந்தது. ஆகவே 'த்ருஷ்யம் 2' (2021) வந்தபோது அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேள்வி மிச்சமிருந்தால் தொடருங்கள். இல்லையேல் நல்ல படத்தை நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

இன்று எந்த மொழிப் படத்தையும் வீட்டிலேயே எழுத்துத் துணையோடு பார்க்கலாம். ஆகவே பெரியவர்களாகிய நமக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஹிந்திப் படம். அதுவே மூலம் என்று நினைத்துவிடுகிறார்கள். கோபித்துப் பயனில்லை, காட்ட வேண்டும்.

நானும் பேரனும் மறுநாள் 'மணிச்சித்ரதாழ்' பார்த்தோம். இந்த முறை எழுந்து போகவில்லை. நாகவல்லி தமிழில் சீறியதும் என் பக்கம் திரும்பி, "தாத்தா, அப்போ அங்கே நாமதான் பேயா?" என்றான். வீடே சிரித்தது. பிறகு "சந்திரமுகியையும் மறுபடி போடு" என்று அவனே கேட்டான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மூலப் படத்தையும் அதன் ரீமேக்கையும் அடுத்தடுத்துத் திரையிடுவோம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்போம். எது உசத்தி என்று அவர்களே விவாதிக்கட்டும். நாற்காலி போடவும் தேநீர் கொடுக்கவும் நான் தயார்.