பாசி தின்னும் மீன்: எதை வாங்கலாம்?

மதுரையில் வண்ணமீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்றும் ‘சக்கர்’ என்றும் சொல்லி, இரண்டு அங்குல நீளமுள்ள கறுப்புக் கெளுத்திக் குஞ்சு ஒன்றை விற்பது வழக்கம். கண்ணாடியில் படியும் பாசியை அது தின்றுவிடும் என்பது வாங்குவோரின் நம்பிக்கை. கிராமத்து வீடுகளிலும் பிள்ளைகளுக்காக மீன்தொட்டி வைக்கும் காலம் இது. ஆகவே இந்த மீனைப் பற்றி விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம். அது தொட்டியோடு நிற்பதில்லை. கண்மாய்க்கும் வந்து சேருகிறது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் ஒன்றரை அடி வரை வளரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிராது. வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீவனத்தையே தேடும். கழிவும் மிகுதி. கொல்ல மனமில்லாத வீட்டார் அதை வாளியில் எடுத்துப் போய் வாய்க்காலில் விடுகிறார்கள். புண்ணியம் என்று எண்ணிச் செய்யும் இக்காரியத்தில்தான் கேடு தொடங்குகிறது.

இதன் உடலை எலும்புத் தகடுகள் மூடியிருப்பதால் வளர்ந்த மீனை விரால்கூட விழுங்க முடியாது. துடுப்பு முள் வலையைக் கிழிக்கும். முட்டையிடக் கரையில் மூன்றடி ஆழம் வரை வளை தோண்டும். எலி வளையும் நண்டு வளையும் கண்மாய்க் கரையை என்ன செய்யும் என்று ஆயக்கட்டு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அயிரை இரை தேடும் அடிமண்ணையே இதுவும் மேய்கிறது. மெக்சிகோவின் இன்பியர்னில்லோ அணையில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளில் இந்த இனமே நிரம்பி, அவர்கள் தொழில் நொடித்தது. தமிழ்நாட்டின் நீர்நிலைகள் பலவற்றிலும் இது ஏற்கெனவே காணப்படுகிறது. மீன்பாசி குத்தகை எடுப்போர் இதை ஒரு விளையாட்டுச் செய்தியாக எண்ணலாகாது.

அப்படியானால் பாசிக்கு என்ன வழி? முதலில் மீன் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுவதே நல்லது. வெயில் படும் ஜன்னலருகே தொட்டி இருந்தாலும், தீவனம் மிஞ்சிக் கிடந்தாலும் பாசி பிடிக்கத்தான் செய்யும். வயலில் உரம் மிஞ்சினால் களை செழிப்பது போலத்தான் இதுவும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீவனமிட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் பாதித் தொல்லை தீரும். எடுத்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாம்.

அதன் பிறகும் கெளுத்தி வேண்டுமென்றால் ‘பிரிஸில்நோஸ்’ எனப்படும் சிறு இனமே பொருத்தம். அரையடிக்கு மேல் வளராது. ஆண் மீனின் மூக்கில் கிளைத்த மீசைகள் இருக்கும். குஞ்சிலே அடையாளம் காண முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணிப் பார்க்கலாம்: சக்கர் மீனுக்குப் பத்துக்குக் குறையாது, பாய்மரம் போல் விரிந்திருக்கும். பிரிஸில்நோஸுக்கு எட்டைத் தாண்டாது. தொட்டியில் ஒரு மரத்துண்டும் ஒளிந்துகொள்ளக் கொட்டாங்கச்சியும் போதும். பாசி தீர்ந்தால் பட்டினி போடாமல் வேகவைத்த வெள்ளரித் துண்டு கொடுக்க வேண்டும். குழாய்த் துண்டு போட்டு வைத்தால் அதற்குள் முட்டையிடும். ஆண் மீனே காவல் காக்கும். சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் குஞ்சு எடுத்து விற்றுச் சிறு வருமானமும் பார்க்கலாம்.

‘ஓட்டோ’ என்ற இரண்டு அங்குல மீனும் உண்டு. அழகானது, கூட்டமாக வாழ்வது. ஆனால் புதுத் தொட்டியில் இரையின்றிச் சாகும். மதுரைச் சித்திரை வெயிலுக்கும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீருக்கும் ஏற்றதல்ல. பழகாதவர்கள் அதில் பணம் போட வேண்டாம். எந்த மீனானாலும் கோடையில் காற்றுக்குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும்.

பெரிதாகிவிட்ட சக்கர் மீனைக் கடைக்காரரிடமே திருப்பித் தர வேண்டும். பிரிஸில்நோஸும் அயல்நாட்டு மீன்தான். அதையும் கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விடலாகாது. கண்மாய் அழிக்கும்போது சக்கர் மீன் வலையில் பட்டால் கரையில் வீசிவிட்டு வருவது போதாது. காற்றையே சுவாசித்துப் பல மணி நேரம் உயிரோடிருக்கும்; ஈரத் தரையில் ஊர்ந்து மீண்டும் நீருக்குப் போய்விடும். கொன்று எருக்குழியில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.