சுக்கான் கோவிச்சுக்கிச்சா?

கயத்தாறு பக்கம் இருந்து தூத்துக்குடி காலேஜுக்கு பஸ் பிடிச்சு வந்து, என்.சி.சி. நேவல் விங்ல சேர்ந்து, முதல் தடவையா பாய்மரப் படகுல ஏறப்போற மக்களே... இந்த வாரம் உங்களுக்குத்தான்!

நல்லாப் போய்க்கிட்டிருக்கிற படகுல திடீர்னு சுக்கான் பிடி கையைப் பிச்சுக்கிட்டு இழுக்கும். 'சுக்கான் அவுட்'னு அலறாதீங்க. பல நேரம் குற்றவாளி பாய்தான். பெரிய பாயை ஓவரா இறுக்கினா படகு ஒருபக்கமா சாயும், மூக்கு தானா காத்தைப் பார்த்துத் திரும்பும். கயிறைக் கொஞ்சம் தளர்த்தி, காத்து வர்ற பக்கம் நகர்ந்து உட்கார்ந்து படகை நிமிர்த்துங்க. அப்பவும் கனமா இருந்தா, சுக்கான் பலகையைப் பாருங்க. ஆழமில்லாத இடத்துல தூக்கிவிட்டதை முழுசா இறக்காம விட்டிருப்பீங்க. பாதி தூக்கின பலகை பின்னால நீட்டிக்கிட்டு நிக்கிறதால, கைக்குப் பாரம் ஏறும்.

பிடி லேசா ஆடுது, படகு திரும்பலையா? முதல்ல படகு ஓடுதான்னு பாருங்க பாஸ்! தண்ணி உரசிப் போனாத்தான் சுக்கானுக்கு உயிர். ஓடியும் திரும்பலைன்னா, கீல் ஆணி தேய்ஞ்சிருக்கும், பிடியோட மூட்டு லூஸா இருக்கும், இல்லைன்னா நைலான் வலைத் துண்டு சுத்தியிருக்கும்.

பெரிய ஆளுங்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 2017-18ல வர்திகா ஜோஷி தலைமையில ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகள் 'தாரிணி'யில உலகைச் சுத்தினாங்களே, கேப் டவுன்ல இருந்து கோவா திரும்புற வழியில ஸ்டீயரிங் பழுதாகி மொரீஷியஸ்ல ஒதுங்கிச் சரிபண்ண வேண்டியதாப் போச்சு. அது 56 அடிப் படகு!

உங்க குட்டிப் படகுல சுக்கானே கழண்டு போனா? பாயே ஸ்டீயரிங். முன்னால இருக்கிற ஜிப் பாயை இறுக்கி, பெரிய பாயைத் தளர்த்தினா மூக்கு காத்தை விட்டு விலகும். மாத்திச் செஞ்சா காத்தைப் பார்த்து வரும். துடுப்பு இருந்தா பின்னால கட்டிப் பிடிங்க. கட்டுமரக்காரங்களுக்கு என்னைக்குமே துடுப்புதான் சுக்கான்.

கிளம்புறதுக்கு முன்னாடி சுக்கானை மேல தூக்கிப் பாருங்க. கையோட வந்துடுச்சுன்னா கிளிப் மாட்டலைன்னு அர்த்தம். படகு தலைகீழாக் கவிழ்ந்தா அது நேரா கடலடிக்குத்தான்.

ஒருநாள் மெல்லிசுக் காத்துல, லைஃப் ஜாக்கெட்டோட, பக்கத்துல துணைப் படகை வெச்சுக்கிட்டு, பயிற்சியாளரைக் கேட்டு சுக்கானைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் படகு தட்டாமாலை சுத்தும்.