தேர்தல் பணமும் சிதம்பர ரகசியமும்

சிதம்பரம் கோவிலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குள் ரகசியமிருக்கிறதென்று சொல்லித் தலைமுறை தலைமுறையாய் ஜனங்களைக் கும்பிட வைத்து வருகின்ற சங்கதி வாசகர்கள் அறிந்ததே. திரையை விலக்கினால் தங்க வில்வ மாலையல்லாமல் வேறொன்றுமில்லை. வெறும் வெளியைக் காட்டித் தட்டில் காசு வாங்குவது தீட்சிதர் சாமர்த்தியமென்றால், காசையே திரைக்குள் மறைத்தது மத்திய சர்க்கார் 2018-ல் கொண்டுவந்த தேர்தல் பத்திரமாகும். எவன் கொடுத்தான், எவனுக்குக் கொடுத்தான் என்று ஓட்டுப்போடுகிறவன் கேட்கக் கூடாதாம்! 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்திரையைக் கிழித்தது.

கிழிந்தபின் தெரிந்தவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்போம். டில்லி சாராய லைசென்ஸ் வழக்கில் அரவிந்தோ மருந்துக் கம்பெனியின் டைரக்டர் ஒருவரை அமலாக்கத் துறையார் 2022 நவம்பர் 10-ல் கைது செய்தார்கள். ஐந்தாம் நாள் அக்கம்பெனி 5 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிற்று. அவ்வளவும் பாரதிய ஜனதா கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. 2023 ஜூனில் அந்த டைரக்டர் அப்ரூவரானார். அவர் வாக்குமூலத்தையும் ஆதாரமாக வைத்து 2024 மார்ச்சு 21-ல் டில்லி முதன்மந்திரி கெஜ்ரிவாலைப் பிடித்தார்கள். என்ன குற்றம்? சாராயக்காரரிடம் வாங்கிய பணத்தைக் கட்சியார் கோவா எலெக்ஷனில் செலவழித்தார்களாம். அது மெய்யா பொய்யா என்பது கோர்ட்டார் வேலை. நாம் கேட்பது வேறு. ஒரே வழக்குக்காரர் கம்பெனியின் பணம் ஒரு கட்சிக்குப் போனால் நன்கொடை, இன்னொரு கட்சிக்குப் போனதாகச் சொன்னால் ஜெயிலா?

அதே எலெக்ஷன் சமயத்தில் காங்கிரசின் பாங்குக் கணக்கை வருமான வரியார் முடக்கினார்கள். நமது கடலூர், சிதம்பரம் ரோடுகளிலோ பறக்கும் படை. முதுநகருக்கு மீன் வாங்கப் போகிறவன் மடியில் ஐம்பதாயிரத்துக்கு மேலிருந்து ரசீது இல்லாவிட்டால் பறிமுதல்! அவன் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்கவேண்டும். கோடிக்காரன் ஸ்டேட் பாங்கில் கவுரவமாய்ப் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தான்.

உங்கள் பக்கத்தார் மட்டும் யோக்கியர்களா என்று கேட்பார்கள். கேட்கட்டும். லாட்டரி மார்ட்டின் கம்பெனியிடம் திராவிட முன்னேற்றக் கழகம் 500 கோடிக்கு மேல் வாங்கியிருக்கிறது. பாரதிய ஜனதாவும் அங்கே 100 கோடி வாங்கியிருக்கிறது. லாட்டரிச் சீட்டுக்கும் ஜாதகத்துக்கும் நாம் வித்தியாசம் கண்டதில்லை. இரண்டும் கூலிக்காரனின் அதிர்ஷ்ட நம்பிக்கையைச் சுரண்டுவதே. பகுத்தறிவு பேசுகிறவர்கள் அப்பணத்தைத் தொட்டது நமக்கு வெட்கமே யாகும். ஆனால் அந்த வெட்கம் அமலாக்கத் துறையாரின் ஓரவஞ்சனைக்கு நியாயமாகிவிடாது.

பத்திரப் பேரங்களை விசாரிக்கத் தனிக் குழு வேண்டுமென்று கேட்டபோது, சாதாரணச் சட்டப்படி பரிகாரம் தேடிக்கொள்ளுங்கள் என்று 2024 ஆகஸ்டு 2-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. சாதாரணச் சட்டமென்றால் யார்? டில்லி மந்திரிகளின் கீழுள்ள அதே துறையார்தானே! உண்டியலை உடைத்தவனிடமே உண்டியல் சாவியைக் கொடுப்பதா? மந்திரிகளுக்குக் கட்டுப்படாத ஒரு ஸ்தாபனத்திடம் எலெக்ஷன் பண வழக்குகளை ஒப்புவிக்கட்டும். அது எல்லாக் கட்சிப் பெட்டிகளையும் திறக்கட்டும். நம்மவர் பெட்டியையே முதலில் திறந்தாலும் நமக்கு ஆட்சேபணையில்லை.